அறுபத்தஞ்சா, அழகா?

ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் இருக்கும். போன தடவை என் பெட்டியில் கூடவே ரெண்டு காசுகள். ஒன்று குமுளியில் அம்மா கொடுத்தது, இன்னொன்று வாளையாரில் மாமியார் கொடுத்தது.

அம்மா கொடுத்தது திருவிதாங்கூர் சக்கரம். சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் முகம் போட்ட செம்புக் காசு. தாத்தா புதுசாகவே காகிதத்தில் மடித்துக் கல்லாப்பெட்டியில் போட்டு வைத்தது. மாமியார் கொடுத்தது ஆறாம் ஜார்ஜின் 1940 காலணா. ரெண்டு ஊரும் இன்று கேரளாதான். ஆனால் அன்று இடுக்கி மலை திருவிதாங்கூர், வாளையார் சென்னை மாகாணத்து மலபார். அங்கே 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், இங்கே 64 காலணா ஒரு ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாயை மாற்ற இருபத்தெட்டரை சக்கரம் வேண்டும்!

ரெண்டையும் இங்கே ஒரு தரநிர்ணயக் கம்பெனிக்கு அனுப்பினேன். மங்கிப் போன காலணா 63 வாங்கி வந்தது. பளபளவென்று மின்னிய சக்கரத்துக்கு நம்பரே இல்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி மட்டும். பேரன் கைக்குப் போகிறதே என்று அம்மா குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு விளக்கிக் கொடுத்திருக்கிறார் :-(

தெரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செம்பு சென்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். இன்று உலகின் பல இடங்களிலும் அதுதான். 60-லிருந்து 70 வரை புழக்கத்துக்கே போகாத காசுகள். கீறல், அச்சின் தெளிவு, மினுமினுப்பு, பார்வைக்கு எப்படி இருக்கிறது, எல்லாம் பார்த்து எண் போடுகிறார்கள். செம்பாக இருந்தால் சிவப்பு, சிவப்பு-பழுப்பு, பழுப்பு என்று நிறமும் சேர்ப்பார்கள்.

புதுக் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி வட்டமாகச் சுற்றும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நகரும்போது விழும் நுண்ணிய கோடுகள் செய்யும் வேலை அது. புளியின் அமிலமும் தேய்ப்பும் அந்தக் கோடுகளை அழித்துவிடும். பிறகு வருவது வெறும் பளபளப்பு. இயற்கையாகப் படிந்த பழுப்பு குறையே இல்லை, காசுக்கு அது ஒரு போர்வை.

அப்படியானால் எண் சொல்வதுதான் வேதவாக்கா? இல்லை என்பதுதான் என் கட்சி. 65 வாங்கிய காசில் ராஜா மூக்கின் மேலேயே ஒரு கரும்புள்ளி இருக்கலாம். 63-ல் ரெண்டு கீறல் ஓரமாக ஒதுங்கி, முகம் தெளிவாக, நிறம் ஒரே சீராக இருக்கலாம். நான் 63-ஐத்தான் எடுப்பேன். எண் குறைகளைக் கூட்டிக் கழித்துச் சொல்லும். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்தான் சொல்லும்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கடல் தாண்டி உட்கார்ந்து போட்டோவைப் பார்த்து வாங்கும் நமக்கு அது ஒரு பாதுகாப்பு. விளக்கிய காசைப் 'புத்தம் புதுசு' என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. முதலில் எண்ணைப் பாருங்கள், அப்புறம் அதே எண்ணில் நாலு காசைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தானாகத் தெரியும்.

ஆனால் வீட்டுக் காசை அனுப்பியது என் முட்டாள்தனம். விற்கவே போகாத காசுக்கு எதற்கு மார்க்? கட்டிய கட்டணமே காசின் விலையைவிட அதிகம். ஊரில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: தேய்க்க வேண்டாம், பிவிசி உறையில் போட வேண்டாம், மலையின் மழை ஈரம் படாமல் வைத்தால் போதும்.

அம்மா போனில் கேட்டார்: "காசு நல்லா இருக்குன்னாங்களாடா?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்கம்மா" என்றேன். பொய்தான். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்த நம்பர் இல்லாத சக்கரம்தான். பையன் அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறான்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன காசு இருக்கிறது? விளக்குவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடுங்கள் :-)