சான்றிதழும் கைவேலையும்

நெசவு கற்றதற்கான சான்றிதழை மட்டும் காட்டி எவரும் சங்கத்தில் கூலி கேட்பதில்லை. துணியை விரித்து, இழையின் நெருக்கத்தையும் கரையின் ஒழுங்கையும் பார்த்த பின்னரே கூலி தீர்மானமாகிறது. இந்த நியாயத்தை அறிந்த நாமே, இணையத்தளம் அமைக்கும் தொழிலுக்குச் செல்ல விரும்பும் பிள்ளைகளின் விஷயத்தில் அதனை மறந்துவிடுகிறோம். பட்டம் பெற்றும் வேலை கிட்டாத பிள்ளைக்கு மேலும் ஒரு சான்றிதழ் வாங்கித்தர நகையை அடகு வைக்கும் அங்கத்தினர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பட்டம் கேட்கும் நிறுவனங்கள் பல உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே பட்டம் பெற்ற நூறு பேரில் ஒருவரைத் தனித்துக் காட்டுவது அவர் தாமே எழுதிய நிரல்களின் தொகுப்பேயாகும். அதனைப் போர்ட்ஃபோலியோ என்பர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோ நிறுவனமோ, பள்ளிப்படிப்பு மட்டும் முடித்தவர்களையும் தேர்ந்து பயிற்றுவித்து வேலையில் அமர்த்துகிறது. கைத்திறனுக்கு உள்ள மதிப்பை இதனால் அறியலாம்.

தொகுப்பு என்றதும், பாடக் காணொளியைப் பார்த்து நகலெடுத்த பத்துத் தளங்களை அடுக்குவது வழக்கமாகிவிட்டது. அவற்றினும், ஒருவருக்கேனும் உண்மையில் பயன்படும் ஒரே ஒரு வேலையை முற்றச் செய்து முடிப்பது மேலானது. சங்கத்தில் பெற்ற நூல், ஒப்படைத்த துணி, வரவேண்டிய கூலி ஆகியவற்றை நெசவாளி தம் கைப்பேசியில் காணும் ஒரு பக்கம் போதும். தோவாளைச் சந்தையின் அன்றாடப் பூ விலையைக் காட்டும் பக்கமும் நன்றே. யாருக்காகச் செய்தது, எங்கே இடறியது, எவ்வாறு திருத்தியது என்று எளிய நடையில் ஒரு குறிப்பும் உடன் இருத்தல் வேண்டும்.

2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி, நிரலில் செய்யும் மாற்றங்களைத் தேதியுடனும் காரணத்துடனும் பதிந்து வைக்கிறது. 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளத்தில் அப்பதிவைப் பிறர் பார்வைக்கு வைக்கலாம். அன்றன்று எழுதிய நாட்பதிவேட்டுக்கும், தணிக்கைக்கு முந்தின இரவில் எழுதிய ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆய்வாளனுக்குத் தெரியும். வேலை கொடுப்போருக்கும் தெரியும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலைத் தன் பெயரில் வைப்பவர், நேர்முகத்தில் அதன் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டால் திகைத்து நிற்பார். உதவி பெறுவது குற்றமன்று. விளங்காததைத் தனதென்பதே குற்றம்.

ஓர் எச்சரிக்கை. அங்கத்தினர்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதுவும் பொதுவில் வைக்கும் நிரலில் இடம்பெறலாகாது. காட்சிக்குக் கற்பனைக் கணக்குகளே போதும்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஊரில் உள்ள இத்தகைய பிள்ளைகளை அழைத்து, சங்கத்தின் சிறு தேவை ஒன்றை எடுத்துரைத்து ஒப்படையுங்கள். வேலை பயன்பட்டால் உரிய கூலியைக் கொடுங்கள். இலவசமாக வாங்கிக்கொள்வது கூட்டுறவு ஆகாது. பிள்ளைக்குக் காட்டத்தக்க ஒரு கைவேலையும், சங்கத்துக்கு ஒரு வசதியும் அதனால் வாய்க்கும். பெற்றோரின் நகையும் பெட்டியிலேயே இருக்கும்.