புகையைப் பிடிக்கலாம்... எங்கே பூட்டி வைப்பது?

தூத்துக்குடியில் ஆப்ப சோடாவுக்கும் நிலக்கரிப் புகைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்குள்ள ஆல்கலி ரசாயன ஆலை ஒன்று, தன் நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, சோடா ஆஷும் ஆப்ப சோடாவும் தயாரிக்கும் வேலையை 2016-ல் தொடங்கியது. அரசு மானியம் கிடையாது. ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் பிடிக்கலாம் என்றார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட வியந்து எழுதின.

நல்ல முயற்சிதான். ஆனால் கணக்கு உதைக்கிறது. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று 70 சதவீதத் திறனில் ஓடினாலே ஆண்டுக்கு 60 லட்சம் டன் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். அதே ஊரில் மின்வாரியத்தின் அனல் மின் நிலையம் கட்டப்பட்டதே 1,050 மெகாவாட்டுக்கு. பிடிபடுவது அதில் நூறில் ஒரு பங்கு. அதுவும் நிரந்தரமில்லை, மாவை உப்ப வைப்பதே சோடாவிலிருந்து வெளியேறும் அந்த வாயுதானே! அடுப்பில் ஏறியதும் மறுபடி காற்றுக்கே போய்விடும். பயன்படுத்துவது வேறு, பூட்டி வைப்பது வேறு.

பூட்டி வைப்பது எப்படி? நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 14 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். புகையை ஓர் உயரமான கோபுரத்துக்குள் விட்டு, மேலிருந்து அமீன் கரைசலைப் பொழிவார்கள். அது கார்பனை மட்டும் கவ்விக்கொள்ளும். பிறகு 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். அந்த வாயுவை அழுத்தி, குழாயில் அனுப்பி, 800 மீட்டருக்கும் கீழே பாறை அடுக்குகளில் செலுத்த வேண்டும்.

இந்தச் சூடும் அழுத்தமும் சும்மா வராது. நிலையம் தயாரிக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இதற்கே போய்விடும். அதாவது, அதே அளவு மின்சாரம் வேண்டுமென்றால் இன்னும் அதிக நிலக்கரி எரிக்கணும்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் உள்ள பவுண்டரி டேம் நிலையம்தான் 2014-ல் பெரிய அளவில் இதை முதலில் செய்து காட்டியது. ஒரே ஒரு யூனிட்டுக்கு ஆன செலவு 100 கோடி கனடிய டாலருக்கு மேல். இலக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டன். பிடித்ததோ பெரும்பாலான ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. பக்கத்து யூனிட்டுகள் இரண்டுக்கு இதைப் பொருத்துவதில்லை என்று 2018-ல் அந்த அரசு நிறுவனமே முடிவெடுத்தது.

டெக்சாஸின் பெட்ரா நோவா கதை இன்னும் சுவாரஸ்யம். 2017-ல் தொடங்கிய அந்தத் திட்டம், பிடித்த வாயுவை எண்ணெய் வயலுக்கு அனுப்பியது. மண்ணுக்கடியில் ஒட்டிக்கிடக்கும் கச்சா எண்ணெயை அது உந்தி மேலே தள்ளும். அந்த வருமானத்தில்தான் திட்டமே ஓடியது. 2020-ல் கொரோனா வந்து எண்ணெய் விலை விழுந்ததும் மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 2023-ல்தான். பருவநிலையைக் காக்க வந்த இயந்திரத்தின் சுவிட்ச் பெட்ரோல் விலையின் கையில்!

இந்தியாவுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் அமீன் கரைசல் கெட்டுப்போகும். எனவே முதலில் எஃப்ஜிடி எனப்படும் கந்தக நீக்கக் கருவி வேண்டும். 2015-லேயே கந்தகத்துக்கு வரம்பு விதித்தார்கள். கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். முதல் படியையே அகற்றிவிட்டு மாடிக்கு எப்படி ஏறுவது? கார்பன் பிடிப்புக்கான கொள்கை வரைவை நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்டது. அதே அரசின் இன்னொரு கை இதைச் செய்திருக்கிறது.

அதற்காக இந்தத் தொழில்நுட்பத்தையே தூக்கிப் போட வேண்டியதில்லை. சிமென்ட் ஆலையில் எரிபொருளை மாற்றினாலும் சுண்ணாம்புக்கல்லே கார்பனைக் கக்கும். அங்கே வேறு வழி குறைவு. மின்சாரத்துக்கோ சூரியனும் காற்றும் இருக்கின்றன. ஆகவே பொதுப்பணம் முதலில் போக வேண்டியது சிமென்ட், உருக்கு ஆலைகளுக்குத்தான். அங்கும் மானியத்தைப் பிடித்த டன்னுக்குக் கணக்கிடக் கூடாது. பூமிக்கடியில் போய்ச் சேர்ந்து, அங்கேயே இருப்பதாக அளந்து காட்டிய டன்னுக்கு மட்டும்தான் கொடுக்கணும்.