குழாய்ப் பாதையும் பகுப்பாய்வியின் உறுப்பே

புகைபோக்கி வாயுக்களை அளக்கும் பகுப்பாய்வியை நம்ப வேண்டுமானால், அளவுத்திருத்த வாயு சிலிண்டரிலிருந்து அதுவரை மாறாமல் வந்து சேர வேண்டும். சான்றிதழில் அச்சிட்ட செறிவு சிலிண்டருக்குள் இருப்பதையே குறிக்கிறது. பகுப்பாய்விக்குள் நுழைவது என்ன என்பதை ரெகுலேட்டரும் குழாயும் இணைப்புகளும் முடிவுசெய்கின்றன. எனவே இவற்றைப் பொருத்துவது அளவீட்டுப் பணியின் ஒரு பகுதி; அதைக் குழாய் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

முழுச் சிலிண்டரில் அழுத்தம் 150 பார் அளவில் இருக்கும். பகுப்பாய்விக்கு ஒன்றிரண்டு பார் போதும். ஒற்றைநிலை ரெகுலேட்டரில், சிலிண்டர் காலியாக ஆக வெளியழுத்தம் மெல்ல ஏறும். வாரக்கணக்கில் கைபடாமல் ஓடும் அமைப்புக்கு இருநிலை ரெகுலேட்டரே தகும். நைட்ரிக் ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு கலவைகளுக்கு உடலும் டயஃப்ரமும் துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் இவை பித்தளையை அரிக்கும்.

குழாய் குட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பது நல்லது. 4 மி.மீ. உள்விட்டமுள்ள 30 மீட்டர் குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 380 மி.லி. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தில் அது ஒருமுறை மாற 23 விநாடி ஆகும். ஊசி வால்வைப் பகுப்பாய்வியின் பக்கம் வைத்துக் குழாயை 2 பார் மானி அழுத்தத்தில் நிறுத்தினால் அந்த நேரம் மும்மடங்காகும். சுவரில் ஒட்டும் வாயுக்களுக்குப் பலமுறை மாற வேண்டும். வாசிப்பு நிலைபெறும்வரை காத்திருக்காமல் செய்யும் திருத்தம் பிழையையே நிலைப்படுத்தும்.

6 மி.மீ. இரட்டை ஃபெரூல் இணைப்பை விரலால் இறுக்கியபின் ஸ்பேனரால் ஒன்றேகால் சுற்று திருக வேண்டும். இதில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. ரெகுலேட்டரை மாட்டியதும் சிலிண்டர் வால்வைத் திறந்து மூடி, ரெகுலேட்டரிலுள்ள வாயுவை வெளியேற்ற வேண்டும். 5 பார் மானி அழுத்தத்துக்கு ஏற்றி வளிமண்டல அழுத்தத்துக்கு இறக்கினால், உள்ளே இருந்த காற்று ஒவ்வொரு முறையும் ஆறில் ஒன்றாகும். நான்கு முறையில் 1,296-இல் ஒரு பங்கு. வெளியேற்றும்போது சிலிண்டர் வால்வு மூடியிருப்பது கட்டாயம். காற்று மீந்தால் ஆக்சிஜன் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிடும்.

கசிவுச் சோதனையில் இரு முனைகளையும் மூடி மானியைக் கவனிக்க வேண்டும். வெப்பநிலை மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அழுத்தம் இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் அதிகமென்பதால் காற்று நுழையாது என்று எண்ணுவது தவறு. நுண்கசிவின் வழியே ஆக்சிஜனும் ஈரமும் பரவி உள்ளே வரும்.

சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களின் பாதுகாப்பு வால்வு வெளியேற்றத்தைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுசெல்வது பணியாளர் உயிரைக் காக்கும் கடமை.

இறுதியில், அதே வாயுவைக் குட்டைக் குழாயால் நேரடியாகவும், முழுப் பாதை வழியாகவும் செலுத்தி ஒப்பிட வேண்டும். இரு வாசிப்புகளும் கருவியின் அளவீட்டுத் துல்லியத்துக்குள் ஒத்துப்போன பிறகே பணி முடிந்ததாகக் கையொப்பமிட வேண்டும்.