இழப்பை அல்ல, பொறுப்பைப் பகிர்வோம்

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் கிரிப்டோ சந்தையிலிருந்து ஏறத்தாழ ரூ.2,000 கோடி மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. கணக்குகள் முடக்கப்பட்டன. இழப்பை வாடிக்கையாளர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது நிறுவனம். சென்னையில் ஒரு முதலீட்டாளர் தொடர்ந்த வழக்கில், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தெளிவுபடுத்தினார். சொத்து என்றால், அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

திருச்செந்தூர் வட்டாரத்துக்கும் இது தொலைவான கேள்வி அல்ல. கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனவர்கள் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இக்கடற்கரையில் உண்டு. இத்தகைய சேமிப்புகளைக் குறிவைத்தே டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் கிரிப்டோ முதலீடு என்ற பெயரில் மோசடிக்காரர்கள் வலை விரிக்கிறார்கள். முதலில் சிறு லாபத்தைக் கையில் கொடுப்பார்கள். போலிச் செயலியில் தொகை நாளுக்கு நாள் ஏறும். எடுக்கப் போனால், 'வரியைக் கட்டினால்தான் பணம் வரும்' என்பார்கள்.

ஆசைப்பட்டவரே பொறுப்பு என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஓடிபியையும் கிரிப்டோ பணப்பையின் ரகசியச் சொற்களையும் நாமே சொல்லிவிட்டால் எந்தப் பூட்டும் பயன்படாது. கைமாறிய நாணயத்தைத் திருப்பித் தர இடையில் வங்கியும் இல்லை. அதேவேளை, லாபத்தில் 30 சதவீதம் வரி வாங்கும் அரசுக்குக் கடமை இல்லையா என்று கேட்பதும் நியாயமே. வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர்கள் ஓடிபியைச் சொல்லி ஏமாந்தவர்கள் அல்லர். களவு நடந்தது நிறுவனத்தின் காவலில்.

ஆகவே, அவரவர் பங்கை அவரவர் செய்வதே வழி. மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவுபெற்ற நிறுவனம்தானா என்று பார்ப்பது, இரட்டைச் சரிபார்ப்பு வைப்பது, 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கைப்பேசியில் படமெடுக்காமல் தாளில் எழுதிப் பூட்டி வைப்பது கணக்கு வைத்திருப்பவரின் பங்கு. எச்சரிக்கைகளைத் தமிழிலும் தருவது, புதிய முகவரிக்குப் பெருந்தொகை போகும்போது சற்று நிறுத்திக் கேட்பது நிறுவனங்களின் பங்கு. புகார்மீது விரைந்து செயல்படுவது அரசின் பங்கு.

ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஏமாந்தவரைக் கேலி செய்தால் அவர் வெட்கப்பட்டு வாய் திறக்க மாட்டார். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால், மோசடிக்காரரின் வங்கிக் கணக்கில் இன்னும் இருக்கும் ரூபாயையாவது முடக்க வாய்ப்பிருக்கிறது. தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே லாபம். ஏமாந்தவர் தயங்காமல் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொண்டால், பல குடும்பங்களின் உழைப்பு தப்பும்.