பதிமூன்று வயதுக் குதிகாலும் ஒரு ஜீன் ரிப்போர்ட்டும்

ஜீன் டெஸ்ட் என்பது நம்மவர்களுக்கு ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது. குப்பியில் எச்சிலைத் துப்பி கூரியரில் அனுப்பினால், பையன் கிரிக்கெட் ஆடலாமா, பொண்ணு பரதம் ஆடினால் முட்டி தாங்குமா என்று ரிப்போர்ட் வந்துவிடுகிறது. கட்டத்துக்குப் பதில் கலர் படம், அவ்வளவுதான் வித்தியாசம். ஊரைவிட்டு வந்து பெங்களூரில் பிள்ளை வளர்க்கிற நம் குடும்பங்கள் இதில் சுலபமாக விழுகின்றன என்பது என் அபிப்ராயம். கேட்க ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ பக்கத்தில் இல்லாதபோது, அச்சடித்த காகிதமே வீட்டுப் பெரியவர் ஆகிவிடுகிறது.

நான் சிவாஜிநகரில் பிசியோதெரபி பார்க்கிறவன் (பூர்வீகம் திருநெல்வேலி). போன மாதம் சேலத்துக்கார அம்மா ஒருவர் மகனோடு வந்தார். பையனுக்கு 13 வயது, வேகப்பந்து போடுகிறான், குதிகாலில் வலி. கையில் ரிப்போர்ட்: சி.ஓ.எல்.5.ஏ.1 என்ற ஜீன் சரியில்லையாம், தசைநாண் காயம் வருமாம், ஓட்டமும் குதிப்பும் வேண்டாமாம். "கிரிக்கெட்டை நிறுத்திடவா சார்?" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வயதில் குதிகால் வலி பெரும்பாலும் தசைநாண் கோளாறே இல்லை. எலும்பு வளருகிற இடத்தில் வருகிற வலி. கொஞ்ச நாள் ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவதைத்தான் ஜவ்வு என்கிறோம். (ஊரில் இரண்டையும் 'நரம்பு' என்பார்கள். நரம்பு வேறு, மக்களே!) இரண்டுமே கொலாஜன் இழைகளால் ஆன கயிறுகள். அதில் ஐந்தாம் வகைக் கொலாஜன் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் இழை எவ்வளவு தடிக்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. அதை உருவாக்குகிற ஜீன்களில் ஒன்று இந்த சி.ஓ.எல்.5.ஏ.1. குதிகால் தசைநாண் பாதிக்கப்பட்ட நூற்றுச் சொச்சம் பேரை மற்றவர்களோடு ஒப்பிட்ட கேப் டவுன் ஆராய்ச்சியாளர்கள், இதன் ஒரு வடிவம் நோயாளிகளிடம் குறைவாக இருப்பதாக 2006ல் எழுதினார்கள். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அதில் இருந்தவர்கள் தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள். அதை வைத்துச் சேலத்துப் பையனுக்குத் தீர்ப்பு எழுதுவது, துபாய் வெயிலைப் பார்த்து ஊட்டியில் குடை விற்கிற கதை :-)

2015ல் பல நாட்டு நிபுணர்கள் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் கூட்டாகவே சொல்லிவிட்டார்கள். திறமையைக் கண்டுபிடிக்கவோ பயிற்சியை மாற்றவோ எந்தக் குழந்தைக்கும் இந்த மாதிரி டெஸ்ட் கூடாது என்று.

எனக்குக் கோபம் அதனால்கூட இல்லை. ஜீன் என்றால் வெட்டி வைத்த கல்வெட்டு என்று நினைக்கிறார்களே, அதனால்தான். கருவில் தசைநாண் உருவாவதில் ஸ்க்ளெராக்ஸிஸ் என்ற ஜீனுக்குப் பெரிய பங்கு. அது இல்லாத எலிகளுக்கு முக்கியமான தசைநாண்கள் உருப்படியாக வளர்வதில்லை. மொஹாக் என்று இன்னொன்று. அது இல்லாவிட்டால் தசைநாண் மெலிந்துபோகிறது. எலிகளை மிதமாக ஓடவிட்டபோது இந்த மொஹாக்கின் வேலை கூடியது. அளவான சுமை வந்தால் ஜீன் சுறுசுறுப்பாகிறது. சோபாவில் உட்கார்ந்தால்?

இன்னொன்று கேளுங்கள். 1950, 60களின் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. அந்தந்த வருடம் உடம்பில் உருவான திசுவிலும் அது பதிந்தது. டென்மார்க்கில் அதை வைத்தே குதிகால் தசைநாணின் வயதைக் கணக்குப் போட்டு 2013ல் வெளியிட்டார்கள். அதன் நடுப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி, அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மாறுவதே இல்லையாம். இந்தப் பையன் இப்போது முறுக்கிக்கொண்டிருப்பது அறுபது வயதிலும் அவனைத் தாங்கப்போகிற கயிறு. சரியாக இந்த நாலு வருடம்தான் அவனைச் சும்மா உட்காரச் சொல்கிறது ரிப்போர்ட்!

பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்றால் அதுவும் லேசில்லை. பிறந்த எலிக்குட்டிக்குத் தசைநாண் அறுந்தால் ஸ்க்ளெராக்ஸிஸ் உள்ள செல்களே வந்து திரும்பக் கட்டுகின்றன. வளர்ந்த எலியில் வேறு செல்கள் வந்து தழும்பாக அடைத்துவிட்டுப் போகின்றன. 2017ல் வந்த ஆய்வு இது.

அதற்காகப் பத்து ஓவர் போடு என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஓய்வில்லாத சுமையும் கெடுதல்தான். அந்த அம்மாவிடம் சொன்னது இவ்வளவே: சில வாரம் பந்து வீசுவதைக் குறைக்கட்டும், வலி அடங்கியதும் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியோடு மெல்ல மெல்ல ஏற்றட்டும். ரிப்போர்ட்டை பீரோவில் வையுங்கள்.

ஜீன் டெஸ்ட் நிஜமாகவே தேவைப்படுகிற வீடுகளும் உண்டு. மூட்டு மிதமிஞ்சி வளைகிறது, அடிக்கடி விலகுகிறது, தோல் ரப்பர் மாதிரி இழுபடுகிறது, காயம் ஆறினால் காகிதம் மாதிரித் தழும்பு என்றால் எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற நோயாக இருக்கலாம். அதே சி.ஓ.எல்.5.ஏ.1 ஜீனில் வருகிற பெரிய பழுதும் அதற்கு ஒரு காரணம். அப்படிச் சந்தேகம் இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மரபியல் மருத்துவரிடம் நேரில் போங்கள். எந்த டெஸ்ட் என்று அவர் சொல்லட்டும்.