தாய் தந்த ரத்தமும் தட்டில் வைத்த வெண்ணெயும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது பழமொழி. சேலையின் தரம் நூலைப் பொறுத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நெய்கிறவன் கையும், சாயம் தோய்க்கிறவன் கையும் சேராமல் நூல் மட்டும் சேலையாகிவிடுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் ரத்தத்தில் கொழுப்பு ஏறுவதும் இறங்குவதும் இதே மாதிரியான விஷயந்தான். ஒரு பங்கு பிறப்போடு வந்தது; இன்னொரு பங்கு அடுப்பங்கரையிலிருந்து வருகிறது. இவை இரண்டும் எப்படிக் கைகோத்து வேலை செய்கின்றன என்பதைப் பின்லாந்து தேசத்தின் கிழக்குக் கோடியிலுள்ள வட கரேலியா மாகாணம் உலகத்துக்கு எடுத்துக் காட்டியிருக்கிறது.

மனுச் செய்த மாகாணம்

காடும் ஏரியும் நிறைந்த குளிர்ப் பிரதேசம் அது. மரம் வெட்டுவதும் மாடு வளர்ப்பதும் ஜனங்களின் தொழில். கொழுப்பு எடுக்காத பால், வெண்ணெய், பன்றி இறைச்சி இவையே அன்றாட ஆகாரம். 1970-ம் ஆண்டு வாக்கில் பத்து வீடுகளில் ஒன்பது வீடுகளில் ரொட்டிக்கு வெண்ணெய்தான். நல்ல தேகக் கட்டுள்ள ஆண்கள் ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்பே மாரடைப்பில் சாய்ந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸல் கீஸ் 1958-ல் ஆரம்பித்த ஏழு நாட்டு ஆராய்ச்சியில், கிழக்குப் பின்லாந்தின் நிலைமை மிக மோசம் என்று தெரிய வந்தது.

அந்த ஆராய்ச்சியில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் 40 முதல் 59 வயது வரையுள்ள ஆண்கள். பெண்கள் ஒருவர்கூட இல்லை. இருதய நோய் என்றால் அது ஆண்களின் நோய், பெண்களுக்கு அதில் உள்ள சம்பந்தம் விதவையாவது மட்டுந்தான் என்று எண்ணியிருந்த காலம் அது.

1971 ஜனவரியில் மாகாணத்துப் பிரமுகர்களும் சங்கங்களின் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு, தங்களைக் காப்பாற்ற ஏதாவது செய்ய வேண்டுமென்று தேசிய அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1972-ல் வேலை தொடங்கியது. தலைமை தாங்கிய பெக்கா புஸ்கா என்ற வைத்தியர் அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவர். முதல் பரிசோதனையிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் கொலஸ்டரால் சராசரியாகச் சுமார் 260 மில்லிகிராம். ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு! 200-க்குள் இருப்பதே நலம் என்பது வைத்தியர்களின் கணக்கு.

ஒரே வாசல், மூன்று பேர்

இந்தக் கோளாறுக்குப் பரம்பரை காரணமா, ஆகாரம் காரணமா? இதற்கு விடை காண ஈரலின் வாசலுக்குப் போக வேண்டும். கெட்ட கொலஸ்டரால் என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள, ஈரல் செல்களின் மேல் கைகளைப் போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. கைகள் அதிகமானால் ரத்தம் சுத்தமாகும். குறைந்தால் கொழுப்பு தேங்கும்.

இந்தக் கைகளின் எண்ணிக்கையை மூன்று பேர் நிர்ணயிக்கிறார்கள். முதலாவது, பரம்பரை. ஏற்பியை உண்டாக்கும் மரபணு தாய் வழியிலோ தந்தை வழியிலோ பழுதாகி வந்தால், வேலை செய்யும் கைகள் பாதியாகிவிடும். உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். வட கரேலியாவில் தலைமுறை தலைமுறையாக வந்த அத்தகைய ஒரு பழுதுக்கு அந்த மாகாணத்தின் பெயரையே விஞ்ஞானிகள் சூட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, ஆகாரம். வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு முதலியவற்றிலுள்ள செறிவுற்ற கொழுப்பு, இருக்கிற கைகளையும் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது, பெண்களுக்கே உரியது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு இந்தக் கைகளைப் பெருக்கிக் கொடுக்கும். மாதவிலக்கு நின்று அந்தச் சுரப்பு வற்றும்போது, அதுவரை இருந்த காவலும் போய்விடுகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2009-ல் இதை நிரூபித்தது. கடைசி மாதவிலக்கை ஒட்டிய ஓராண்டுக்குள் எல்.டி.எல். சட்டென்று ஏறுகிறது. வயதாவதால் மெல்ல மெல்ல ஏறும் ஏற்றம் அல்ல இது. படி தாண்டுவது போன்ற ஏற்றம்.

ஆகவே, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, "முன்பு சாப்பிட்டதைத்தானே இப்போதும் சாப்பிடுகிறேன், கொழுப்பு மட்டும் ஏன் ஏறியது?" என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆகாரம் மாறவில்லை, அதைத் தாங்கும் உடம்பு மாறிவிட்டது.

சாப்பாட்டுக்குச் சிலர் உடம்பு சீக்கிரம் மசியும்

வட கரேலியாவில் நடுத்தர வயது ஆண் பெண்களைச் சேர்த்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். முடிவு 1982-ல் வெளிவந்தது. ஆறு வாரம் வெண்ணெயைக் குறைத்து, தாவர எண்ணெயும் காய்கறியும் பழமும் கூட்டிச் சாப்பிட்டார்கள். கொலஸ்டரால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் பழையபடி ஏறிவிட்டது. பெண்களிடமும் இதே பலன்தான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறவில்லை. 'அப்போ இ' என்ற புரதத்துக்கான மரபணு இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று வகைப்படும். நான்காம் வகை பின்லாந்து ஜனங்களிடம் அதிகம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த வகையைப் பெற்றவர்களுக்குக் கொழுப்புச் சாப்பாட்டால் கொலஸ்டரால் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறுகிறது என்று 1990-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள்.

இரண்டாம் வகையின் கதை இன்னும் விசித்திரமானது. அது சாதாரணமாகக் கொலஸ்டராலைக் குறைப்பது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் சௌக்கியமாகவே வாழ்கிறார்கள். ஆனால் அவர்களில் சிலருக்கு உடற்பருமனோ நீரிழிவோ சேர்ந்துகொண்டால், ரத்தத்தில் கொழுப்பு மளமளவென்று பெருகி வியாதியாகிறது. பெண்களுக்கு இது அநேகமாக மாதவிலக்கு நின்ற பிறகே தலைகாட்டுகிறது. ஐம்பது வருஷம் உறங்கிக் கிடந்த பரம்பரைக் குணத்தை வயதும் வாழ்க்கை முறையும் தட்டி எழுப்புகின்றன.

அடுப்பங்கரையில் நடந்த புரட்சி

வட கரேலியாவில் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் குடும்பப் பெண்கள். மார்த்தா சங்கம் என்ற மாதர் அமைப்பினர் கிராமந்தோறும் விருந்துகள் நடத்தி, பழைய பதார்த்தங்களையே கொழுப்பைக் குறைத்துச் சமைத்துக் காட்டினார்கள். தூளைப் போட்டுக் கொதிக்க வைத்த காப்பி போய், காகிதத்தில் வடித்த காப்பி வந்தது. கொதிக்க வைத்த காப்பியில் கொலஸ்டராலை ஏற்றும் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. காகிதம் அதைத் தடுத்துவிடுகிறது. பால் பண்ணைக்காரர்களின் எதிர்ப்பையும் மீறி, கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு வித்தின் எண்ணெய் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது.

2007-ல் பெண்களின் சராசரி 200-க்குச் சமீபமாக இறங்கியிருந்தது. உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் 2006-க்குள் 85 சதவிகிதம் குறைந்தது. புகையிலை குறைந்ததும், பிற்காலத்தில் மருந்துகள் வந்ததும் இதற்கு உதவின. ஆயினும், அந்த முப்பத்தைந்து வருஷங்களில் ஜனங்களின் மரபணு மாறிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ரத்தம், அதே வம்சம், மாறியது சாப்பாடு. பின்னர் வெண்ணெய் மோகம் மறுபடி தலைதூக்கியபோது, 2012-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொலஸ்டராலும் சற்று ஏறியிருந்தது.

பத்தியத்துக்கும் எல்லை உண்டு

இப்படிச் சொன்னதால் எல்லாம் பத்தியத்தால் சரியாகும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 48,835 பெண்களைக் கொண்டு ஒரு மாபெரும் பரீட்சை நடந்தது. அதில் ஒரு பிரிவினர் மொத்தக் கொழுப்பையும் குறைத்துச் சாப்பிட முயன்றார்கள். சுமார் எட்டு வருஷம் கழித்து, 2006-ல் முடிவு வந்தது: எல்.டி.எல். மிகச் சொற்பமே குறைந்தது. இருதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எல்லாக் கொழுப்பையும் பொதுவாகக் குறைப்பதைவிட, எந்தக் கொழுப்பை விலக்கி எதைச் சேர்க்கிறோம் என்பதே முக்கியம் என்று இதிலிருந்து கொள்ளலாம். வட கரேலியாவில் நடந்தது அதுதான்.

ஏற்பி மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கோ, எவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் பத்தியம் மட்டும் போதாது. ஸ்டாட்டின் போன்ற மருந்துகள் அவசியம். இங்கேதான் பெண்களுக்கு அநீதி நேர்கிறது. இள வயதில் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பதால் அவர்களின் பரம்பரைக் கோளாறு கவனத்துக்கு வராமல் போகிறது. பிறகு தெரிய வரும்போது, "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?" என்று பழி அவர்கள் மீதே விழுகிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருப்பதைச் சாப்பிட்டு எழுந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து வாயைக் கட்டு என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

செய்ய வேண்டியது என்ன?

"எல்லாம் தலையெழுத்து" என்று கைகட்டி உட்கார்ந்துவிடுவது தவறு. "எல்லாம் உன் சாப்பாட்டால் வந்தது" என்று குற்றம் சாட்டுவதும் அதே அளவு தவறு. மாதவிலக்கு நிற்கும் வயதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை நடக்க வேண்டும். அளவு மிக அதிகமாக இருந்தால், பரம்பரைக் கோளாறா என்று வைத்தியரிடம் விசாரிக்க வேண்டும். அப்படியென்றால் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் சோதிப்பது அவசியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒருத்தியின் ரத்தத்தைச் சோதிப்பதால் ஒரு குடும்பமே பிழைக்கலாம்.

சாப்பாட்டை மாற்றுவதும் ஒருத்தியின் தனிப் பத்தியமாக இருக்கக் கூடாது. வீட்டில் எல்லோருடைய தட்டும் சேர்ந்து மாற வேண்டும். வட கரேலியாவில் ஆண்களைக் காப்பாற்றுவதற்காகச் சட்டியை மாற்றினார்கள் பெண்கள்; அதில் அவர்களும் பிழைத்தார்கள். இனி அந்தப் பெண்களின் பொருட்டே சட்டியை மாற்ற மற்றவர்கள் முன்வருவதுதான் நியாயம். தாய் கொடுத்த நூலை மாற்ற யாராலும் முடியாது. நெசவு நம் கையில் இருக்கிறது.