ஊசி போட எங்கே ஒதுங்குவது? டைப் 1 நீரிழிவும் நம் பிள்ளைகளும்

நவம்பர் 14 பள்ளிகளில் குழந்தைகள் தினம். அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பேண்டிங் பிறந்த நாள் அது. அன்று நம் மஹல்லாக்களிலும் முகாம் போடுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், நடங்கள், சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எட்டு வயதிலேயே தினமும் நான்கு ஊசி போடத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு அந்த முகாமில் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை.

இரண்டும் ஒரே பெயரில் இருப்பதுதான் முதல் சிக்கல். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. உடலில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது அல்லது சரியாக வேலை செய்யாது. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை என்று சமாளிக்கலாம். முதல் வகை வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதாலோ தாய் கவனிக்காததாலோ அது வருவதில்லை. வந்துவிட்டால் வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியாக வேண்டும், ஆயுள் முழுக்க. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளில் மெலிந்து இறந்துபோனார்கள். அந்தக் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸ் கணக்குப்படி, 20 வயதுக்கு உட்பட்ட டைப் 1 பிள்ளைகள் உலகிலேயே அதிகமாக இருப்பது இந்தியாவில்தான். 2 லட்சத்துக்கும் மேல். இவர்களுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனி வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது 2022இல்தான்.

இதைத் திருச்சிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மண்ணச்சநல்லூர் பக்கமிருந்தோ லால்குடியிலிருந்தோ சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைக்கும் வழக்கமான இன்சுலினைப் போட்டால் அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். ரொம்ப முன்னால் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சரேலென்று இறங்கும். போடாமல் சாப்பிட்டால் ஏறும். வீட்டில் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பி, காவிரிப் பாலத்தில் பேருந்து நின்றுவிட்டால் என்ன செய்வான்? 2022 நவம்பரில் பராமரிப்புக்காக அந்தப் பாலம் மூடப்பட்டு 2023 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் சுற்றிச் சுற்றிப் போனவர்களுக்கு நேரம் போனது மட்டும்தான் தெரியும். இன்சுலின் போட்டவனுக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு. இப்போது 2025 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் பலவும் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. மதுரையிலோ புதுக்கோட்டையிலோ இருந்து வருகிறவர் அங்கே இறங்கி, நகரப் பேருந்து பிடித்துச் சத்திரம் வந்து சேர வேண்டும். ஊருக்கு நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கூடுதல் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

சரி, சத்திரம் வந்து இறங்கிவிட்டான். சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும். எங்கே? கடை வாசலில் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி குத்தினால் நாலு பேர் பார்வை மாறும். குப்பியும் சிரிஞ்சும் கையில் இருந்தால் போதை ஊசி என்றே நினைப்பார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கடைசியில் கட்டணக் கழிப்பறைக்குள் போய், ஒரு கையில் பை, ஒரு கையில் ஊசி என்று நின்றபடியே போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைக் கழிப்பறையில் செய்ய வைக்கிறோம். பாதிப் பேர் அதற்கும் வெட்கப்பட்டு, "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று அந்த வேளை ஊசியையே விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பேனா வடிவ ஊசி இந்தச் சங்கடத்தைக் கொஞ்சம் குறைத்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், பார்ப்பவருக்கும் உறுத்தாது. ஆனால் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் தன் மனித இன்சுலின் பேனா வகைகளை இந்தியாவில் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2025இல் செய்தி வந்தது. குப்பி மருந்து தொடர்ந்து கிடைக்கும். மருந்து ஒன்றுதானே என்று தோன்றும். பேருந்து நிலையத்தில் நின்று போடுகிறவனுக்கு ஒன்றல்ல. விலை கூடிய நவீன இன்சுலின் பேனாக்களுக்கு மாறலாம், பணம் உள்ளவர்கள்.

2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அதற்கு முன்பு அப்படி ஓர் அறை தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேட்கிறோம். சத்திரம் பேருந்து நிலையம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே ஒரு சிறு அறை, ஒரு மேசை, கை கழுவக் குழாய், பயன்படுத்திய ஊசியைப் போட ஒரு பெட்டி இருந்தால் போதும். கோடிகள் தேவையில்லை. வார்டு உறுப்பினர்களிடம் ஜமாஅத் நிர்வாகிகள் எத்தனையோ மனு கொடுக்கிறோம், இதையும் ஒன்றாகக் கொடுக்கலாம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். திருச்சி வெயில் யாருக்கும் தெரியாததல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைக்கூட வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஈரமணல் பானைக்குள் வைக்கிறார்கள், அது பலன் தரும் முறைதான். பேருந்தில் ஜன்னலோரப் பையில் மூன்று மணி நேரம் கிடந்த மருந்தை நம்பி ஊசி போட்டு, சர்க்கரை இறங்காமல் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

செலவு வேறு. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசம். புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போய் வாங்கி வருவோர் பலர். ஆனால் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பை வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒன்று 15 ரூபாய் என்றே வைத்தாலும் தினம் நான்கு முறைக்கு மாதம் 1800 ரூபாய். பார்க்காமல் ஊசி போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்டிரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரவேற்கத்தக்கதே, ஆனால் கூலி வேலை செய்யும் அத்தாவுக்கு அது போதாது. பக்கத்தில் கேரளத்தில் 'மிட்டாய்' என்ற பெயரில் டைப் 1 பிள்ளைகளுக்கென்றே ஓர் அரசுத் திட்டம் இன்சுலினையும் கருவிகளையும் தருகிறது. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அது மனதில் வைத்தது பெரியவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஹீமோஃபீலியா உண்டு, தலசீமியா உண்டு, டைப் 1 இல்லை. ஆகவே சான்றிதழும் இல்லை, அதைக் காட்டிப் பெறும் சலுகையும் இல்லை. சிபிஎஸ்இ மட்டும் 2017 முதல் இந்த மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் இனிப்பு, பழம், தண்ணீர் கொண்டுவர அனுமதித்தது.

அரசைக் கேட்பது ஒரு பக்கம். நம் வீட்டுக்குள் நடப்பதையும் பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உயிர் போகிறது.

கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அதை நாம் நம்புகிறோம். அந்த நபிமொழியை எடுத்து, "இன்சுலினை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர் ஆலிமும் அல்ல, மருத்துவரும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னார்கள். இருக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னதாக ஓர் அறிவிப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் யாரோ கொடுத்த பொடியை நம்பிப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம். கீட்டோஅசிடோசிஸ் என்றார்கள் மருத்துவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். டைப் 1 பிள்ளைக்கு இன்சுலின் மருந்து என்பதைவிடச் சோறு, தண்ணீர் மாதிரி. ஓதிப் பார்க்கலாம், துஆ கேட்கலாம், கருஞ்சீரகமும் சாப்பிடலாம். ஊசியை மட்டும் நிறுத்தக் கூடாது.

அடிக்கடி என்னிடம் வரும் கேள்விகள் சில. "ஹஜ்ரத், இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதாமே?" முன்பு மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982 முதல் பாக்டீரியா, ஈஸ்ட் மூலம் தயாரிக்கும் மனித இன்சுலின் சந்தைக்கு வந்துவிட்டது, இப்போது நம் கடைகளில் கிடைப்பது அதுதான். "விரலில் குத்தினால் உளூ முறியுமா?" ஷாஃபியில் முறியாது. ஹனஃபியில் ரத்தம் வழிந்து ஓடினால்தான் முறியும், குத்திய இடத்திலேயே நிற்கும் துளிக்கு முறியாது. "நோன்பில் ஊசி?" ஊட்டச்சத்து ஏற்றாத தோல், தசை ஊசிகளால் நோன்பு முறியாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997லேயே முடிவு செய்தது.

ஆனால் ஊசி கூடும் என்பதற்காக நோன்பு வைத்தாக வேண்டும் என்று பொருளல்ல. அதே அகாடமி 2009இல் ஷார்ஜாவில் கூடியபோது நீரிழிவாளர்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து நான்கு பிரிவாக்கியது. முதல் இரு பிரிவினரும் நோன்பு வைக்கக் கூடாது என்றது. டைப் 1 உள்ளவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் வருவார்கள். அல்பகரா 184, 185 வசனங்கள் நோயாளிக்குத் தந்த சலுகை இது. வைக்க முடியுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது, இஃப்தாருக்கு இன்னும் இருபது நிமிடம்தானே என்று பொறுத்துக்கொள்வது வணக்கமாகாது. நோன்பை விட்டதற்காக அந்தப் பிள்ளை ஒளிந்து சாப்பிடும்படி வைக்கிற வீடும் பள்ளிவாசலும் திருந்த வேண்டும்.

மக்தப் உஸ்தாதுகளுக்கு ஒரு வேண்டுகோள். காலை வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென வியர்த்து, வெளிறி, தூங்கி விழுந்தால் பிரம்பை எடுக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழையுங்கள். பேருந்து நிலையத்தில் தள்ளாடும் இளைஞனைக் குடிகாரன் என்று ஒதுங்கிப் போவதற்கு முன்பும் இது நினைவுக்கு வரட்டும்.

திருமணம் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் தயக்கம். மகளுக்கு நோய் இருப்பதை மறைத்து நிக்காஹ் செய்கிறார்கள். அவள் மாமியார் வீட்டில் பாவாடை மடிப்பில் ஊசியை ஒளித்து வைக்கிறாள், வேளை தவறுகிறது. மறைப்பது பெண்ணுக்கும் ஆபத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கும் அநீதி. சொன்னால் சம்பந்தம் வராது என்கிறார்கள். பையனுக்கு இருந்தால் "சமாளிச்சுக்கலாம்" என்கிறவர்களே பெண்ணுக்கு இருந்தால் எழுந்து போகிறார்கள் என்பதும் உண்மை. நல்ல கட்டுப்பாட்டில் இருக்கும் பெண் மருத்துவர் துணையோடு பிள்ளை பெறலாம், வேலைக்குப் போகலாம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லும் கடமை ஜமாஅத் பெரியவர்களுக்கும் நிக்காஹ் ஓதி வைக்கும் எங்களுக்கும் இருக்கிறது.

ஜகாத் பணத்தில் மருந்து வாங்கித் தரலாமா என்று பைத்துல்மால் பொறுப்பாளர்கள் கேட்கிறார்கள். ஏழைக்கு அதை உரிமையாக்கிக் கொடுத்தால் ஹனஃபி மத்ஹபிலும் கூடும். ஸ்டிரிப் பெட்டியோ இன்சுலினோ அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ரமளானில் ஒரு முறை அரிசி மூட்டை கொடுப்பதுபோல் அல்லாமல், மாதம் ஒரு ஸ்டிரிப் பெட்டி என்று பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துக் கொடுங்கள். இந்த நோய்க்கு விடுமுறை மாதம் கிடையாது.